சார்ஜென்ட் என்ன செய்ய வேண்டும்?

வார இறுதி நாள். நீங்கள் ஒரு மரைன் படைப்பிரிவில் தளபதிக்கு அடுத்த நிலை அதிகாரி. ஏதோ வாங்குவதற்காக ஷாப்பிங் மாலுக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பகுதியில், உங்கள் பிரிவைச் சேர்ந்த இளம் வீரர்கள் இருவர் கட்டியணைத்து முத்தமிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் ஆண்கள். சீருடையில் இல்லை, பணியிலும் இல்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

2011-ல் அமெரிக்க மரைன் படையின் வகுப்பறைகளில் கேட்கப்பட்ட கேள்வி இது. இதற்கான விடை சப்பென்று இருந்தது. அதே இடத்தில் ஓர் ஆணும் பெண்ணும் அப்படி நின்றிருந்தால் கண்டிப்பீர்களா? கண்டிப்பீர்கள் என்றால் இவர்களையும் கண்டியுங்கள். இல்லையென்றால் வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள். அவ்வளவுதான் பாடம்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரைன் என்று ஏறக்குறைய 20 லட்சம் பேர் இப்படிப்பட்ட வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்தார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் தங்களை மறைத்துக்கொள்ளாமலே படையில் பணியாற்றலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்தது. அது நடைமுறைக்கு வருமுன் கடைசிச் சிப்பாய் வரை வகுப்பு எடுத்தாக வேண்டும் என்பது உத்தரவு. கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். பட்டாளத்தில் எந்த வகுப்புக்குத்தான் கொட்டாவி இல்லை?

ஒரு மணி நேரம் திரையில் படம் காட்டினால் மனம் மாறிவிடுமா என்ற கேலி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மாறாதுதான். ஆனால் மனத்தை மாற்றும் வேலையை யாரும் அந்த வகுப்பிடம் ஒப்படைக்கவில்லை. ஒரு சார்ஜென்ட் எந்த நேரத்தில் தலையிட வேண்டும், எப்போது பேசாமல் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதே அதன் வேலை. சார்ஜென்டுகளுக்கு அது தெரியாமல் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு, கென்டக்கி, டென்னசி மாநிலங்களின் எல்லையில் உள்ள ஃபோர்ட் கேம்ப்பெல் முகாம் சாட்சி.

பாரி வின்செல் அங்கே 101-வது வான்வழிப் படைப்பிரிவில் சிப்பாய். வயது 21. விடுமுறை கிடைத்தால் நாஷ்வில் நகரத்துக்குப் போவார். அங்கே ஒரு கிளப்பில் மேடைக் கலைஞராக இருந்த திருநங்கை கால்பெர்னியா ஆடம்ஸ் மீது அவருக்குக் காதல். அந்தக் கிளப்புக்கு அவரை அழைத்துப்போனவர் அறைத்தோழர் ஜஸ்டின் ஃபிஷர். முகாமில் அதைக் கதையாகப் பரப்பியவரும் அவரேதான். அதன் பிறகு வின்செலைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. கம்பெனியில் அநேகமாக எல்லோரும், அநேகமாக ஒவ்வொரு நாளும் அவரை வசைச்சொல்லால் அழைத்தார்கள் என்று அவருடைய சார்ஜென்ட் ஒருவரே பின்னால் ராணுவ நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்த சார்ஜென்ட் வின்செலிடம் நேரடியாக, ‘நீ அப்படிப்பட்டவனா’ என்று விசாரித்தும் இருந்தார். வின்செல் இல்லை என்றார்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அப்போது நடப்பில் இருந்தது 1993-ல் பில் கிளின்டன் காலத்தில் வந்த ‘கேட்காதே, சொல்லாதே’ சட்டம். மேலதிகாரி கேட்கக் கூடாது. வீரரும் சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போய்விடும். தன்பாலீர்ப்பாளர்களை அடியோடு விலக்கிவைத்த பழைய தடைக்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1992 அக்டோபரில், ஜப்பானின் சசேபோ துறைமுகத்தில் ஆலன் ஷிண்ட்லர் என்ற கடற்படை வீரரை அவருடைய கப்பல் தோழரே ஒரு பூங்காக் கழிப்பறையில் அடித்துக் கொன்றிருந்தார். முகம் சிதைந்துபோயிருந்ததால் கையிலிருந்த பச்சையைப் பார்த்துத்தான் தாய் தன் மகனை அடையாளம் கண்டார்.

புதிய சட்டத்தின் கோளாறு முகாமுக்குள் போய்ப் பார்த்தால்தான் புரியும். உங்களை ஒருவன் தினமும் ஏசுகிறான், மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கலாம். ஆனால் ஏன் ஏசுகிறான் என்று அதிகாரி கேட்பார். அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால், ‘சொல்லாதே’ என்ற விதியை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். ஏசியவன் முகாமில் இருப்பான், நீங்கள் பெட்டியைக் கட்ட வேண்டும். படைக் குருமாரிடமோ உளவியலாளரிடமோ மனம்விட்டுப் பேசியதே வெளியேற்றத்தில் முடிந்ததும் உண்டு. சார்ஜென்டின் நிலையும் அதே சிக்கல்தான். இந்த விஷயத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றுதான் அவர் சட்டத்தைப் புரிந்துவைத்திருந்தார். வசையைக் கண்டிப்பதும் அந்த விஷயத்தைப் பேசுவதாகத்தானே ஆகும்?

1999 ஜூலை, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறை. கால்வின் க்ளோவர் என்ற 18 வயதுச் சிப்பாய் பீர் போதையில் வின்செலிடம் வம்பிழுத்து, அடி வாங்கித் தரையில் விழுந்தார். போயும் போயும் அவனிடமா அடி வாங்கினாய் என்று மற்றவர்கள் குத்திக்காட்டினார்கள். ஃபிஷர் இன்னும் ஏற்றிவிட்டார். ஜூலை 5 அதிகாலையில், கம்பெனி வளர்த்த நாயைக் காவல் காத்துக்கொண்டு பாரக்ஸ் நடைவழியில் கட்டில் போட்டுத் தூங்கிய வின்செலின் தலையில் க்ளோவர் பேஸ்பால் மட்டையால் அடித்தார். மறுநாள் வின்செல் இறந்தார். க்ளோவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, ஃபிஷருக்குப் பன்னிரண்டரை ஆண்டுச் சிறை. அதிகாரிகள் மீது பெரிய குற்றம் எதுவும் இல்லை என்று ராணுவத்தின் விசாரணை முடிந்தது. அப்போது முகாமின் தளபதியாக இருந்தவருக்கு, வின்செலின் பெற்றோர் எதிர்த்துப் போராடியும், 2003-ல் பதவி உயர்வு கொடுக்கப்பட்டது.

இந்தக் கொலைக்குப் பிறகு பென்டகன் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 38 முகாம்களிலும் 11 கப்பல்களிலுமாக 71,570 பேர் பதில் சொன்னார்கள். 80 சதவீதம் பேர் கடந்த ஓராண்டில் தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் பேச்சைக் கேட்டிருந்தார்கள். துன்புறுத்தலை நேரில் பார்த்தவர்கள் அல்லது தாங்களே பட்டவர்கள் 37 சதவீதம். இந்தக் கதைக்கு முக்கியமான எண் இன்னொன்று. பதில் சொன்னவர்களில் 57 சதவீதம் பேருக்கு, சட்டம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும், அதைப் பற்றி ஒரு வகுப்புகூட நடக்கவில்லை.

2000 ஜூலையில் 13 அம்சத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. எல்லோருக்கும் பயிற்சி, துன்புறுத்தலைக் கண்டும் காணாமல் இருக்கும் அதிகாரிகள் மீது நடவடிக்கை என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் படை முழுவதையும் கட்டுப்படுத்தும் முறையான ஆணையாக அது கடைசி வரை மாறவில்லை. பட்டாளத்தில் ஆணையாக வராத எதுவும் அறிவுரைதான். அறிவுரைக்கு அங்கே என்ன மரியாதை என்பது பட்டாளத்துக்காரர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வெளியேற்றங்கள் மட்டும் நிற்கவில்லை. 1994 முதல் 2011 வரை அந்தச் சட்டத்தால் வேலை இழந்தவர்கள் 13,000 பேருக்கு மேல். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்து, அரபி தெரிந்தவர்களுக்கு அமெரிக்கா தவித்த காலத்திலும் அரபி மொழி கற்ற வீரர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். சட்டத்தின் முதல் பத்தாண்டில் மட்டும் இப்படி 54 பேர் என்று 2005-ல் அரசுத் தணிக்கை அலுவலகமே கணக்குக் கொடுத்தது. 2003 மார்ச்சில் இராக் போர் தொடங்கியதும் முதலில் காயம்பட்ட அமெரிக்க வீரர், கண்ணிவெடியில் வலது காலை இழந்த மரைன் சார்ஜென்ட் எரிக் ஆல்வா. தான் தன்பாலீர்ப்பாளர் என்று ஊரறிய அவர் சொன்னது ஓய்வு பெற்ற பிறகு, 2007-ல்.

வகுப்பு எடுத்துப் பட்டாளத்தைத் திருத்தும் யோசனை அமெரிக்காவுக்குப் புதிதல்ல. வியட்நாம் போர்க் காலத்தில் முகாம்களுக்குள் கறுப்பின வீரர்களும் வெள்ளையின வீரர்களும் மோதிக்கொண்டார்கள். 1971 மே மாதம் கலிஃபோர்னியாவின் டிராவிஸ் விமானப்படைத் தளத்தில் பெரிய கலவரமே வெடித்தது. அதே ஆண்டு ஃபுளோரிடாவில், இன உறவுகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தயாரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. எல்லா வீரர்களுக்கும் அந்தப் பாடம் கட்டாயம் ஆனது. விமானப்படையில் அதைக் கற்பித்தவர்களில் பெயரெடுத்தவர் லியனார்ட் மட்லோவிச். மூன்று முறை வியட்நாம் போனவர். வீரத்துக்கு வெண்கல நட்சத்திரமும், கண்ணிவெடியில் காயம்பட்டதற்குப் பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் பெற்றவர். இனவெறி எப்படி அறியாமையில் வளர்கிறது என்று அடுத்தவர்களுக்குப் பாடம் நடத்தும்போதுதான், தான் எதை மறைத்து வாழ்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. 1975 மார்ச்சில், தான் தன்பாலீர்ப்பாளர் என்றும் பணியில் தொடர விரும்புவதாகவும் கடிதம் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். இதற்கு என்ன பொருள் என்று கேட்ட அந்த அதிகாரி ஒரு கறுப்பினத்தவர். பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த 1954-ம் ஆண்டின் பிரவுன் வழக்கைத்தான் மட்லோவிச் பதிலாகச் சொன்னார். அந்த செப்டம்பரில் டைம் இதழின் அட்டையில் சீருடையோடு அவர் படம் வந்தது. அக்டோபரில் வேலை போயிற்று.

அவர் கற்பித்த இன உறவு வகுப்புகளால் படையில் எல்லோரும் சகோதரர்களாகிவிடவில்லை. ஆனால் கறுப்பின வீரரை வசைச்சொல்லால் அழைத்தால் தன் பதவி உயர்வு போய்விடும் என்று ஒவ்வொரு சார்ஜென்டுக்கும் தெரிந்திருந்தது. ஃபோர்ட் கேம்ப்பெலில் வின்செலை அழைத்தவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவு’ சின்ன விஷயமல்ல.

2010-ல் ஒபாமா அரசு தடையை நீக்க முடிவெடுத்தபோது, ஜெனரல் கார்ட்டர் ஹாம், பாதுகாப்புத் துறையின் தலைமை வழக்கறிஞர் ஜே ஜான்சன் இருவரின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 4 லட்சம் வீரர்களுக்குக் கேள்வித்தாள் போனது; 1,15,000 பேர் திருப்பி அனுப்பினார்கள். குழுவினர் 51 தளங்களில் கூட்டம் போட்டு 24,000 பேருக்கு மேல் நேரில் சந்தித்தார்கள். தடையை நீக்கினால் பெரிய கெடுதல் வராது என்பது 70 சதவீதம் பேரின் கருத்து. நேரடிப் போர்ப்பணியில் இருந்த மரைன்கள் மட்டும் முரண்டு பிடித்தார்கள். அவர்களில் 58 சதவீதம் பேர் கெடுதல்தான் என்றார்கள். ஆனால் அதே போர்ப்பணி மரைன்களில், தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்த ஒருவரோடு ஏற்கெனவே பணியாற்றியவர்களைத் தனியே கேட்டபோது, அதனால் பிரிவின் ஒற்றுமை கெடவில்லை என்று சொன்னவர்கள் 84 சதவீதம். சிறப்புப் படை வீரர் ஒருவர், எங்கள் கூட்டத்தில் ஒருவன் இருக்கிறான், ஆள் பெரியவன், முரடன், எதிரிகளைப் போட்டுத்தள்ளுகிறான், மற்றதைப் பற்றி இங்கே யாருக்கும் கவலையில்லை என்ற பொருள்படச் சொன்னதும் அறிக்கையில் இருக்கிறது. பழகாதவனுக்குத்தான் பயம். பழகியவனுக்கு எதிரே இருப்பவன் வெறும் சக சிப்பாய்.

மரைன் தலைமைத் தளபதி ஜேம்ஸ் ஏமாஸ் இந்த மாற்றத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார். கவனம் சிதறினால் தன் வீரர்கள் கை கால்களை இழப்பார்கள் என்றார். 2010 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. அடுத்த சில வாரங்களில் அதே ஏமாஸ், படையின் மூத்த சார்ஜென்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காணொளியில் தோன்றி, இதை முழுமனதோடு நிறைவேற்றுவோம் என்று மரைன்களுக்குச் சொன்னார். வகுப்புகளின் வெற்றியில் பாதி அந்தக் காணொளியில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். எதிர்த்தவரே உத்தரவு போடும்போது, ‘மேலிடத்துக்கும் இதில் இஷ்டமில்லை’ என்று கீழே கண்ணடிக்க முடியாது.

பயிற்சி மூன்று அடுக்காக நடந்தது. குருமார், வழக்கறிஞர், ஆள்சேர்ப்பு அலுவலர் போன்றவர்களுக்கு முதலில், தளபதிகளுக்கு அடுத்து, எல்லோருக்கும் கடைசியாக. உங்கள் மதநம்பிக்கையை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை, உடன் பணிபுரிபவரை மதிப்பதுதான் உங்கள் கடமை என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. தனி அறை, தனிக் குளியலறை எதுவும் கிடையாது என்பதும் திரையில் எழுத்தில் இருந்தது.

2011 செப்டம்பர் 20 அன்று தடை நீங்கியது. அதே நாளில் மரைன் ஆள்சேர்ப்பாளர்கள் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் தன்பாலீர்ப்பாளர் சமூக மையத்துக்கே போய் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் கழித்து, குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் விவாத மேடையில் இராக்கிலிருந்து காணொளியில் கேள்வி கேட்ட ஸ்டீபன் ஹில் என்ற தன்பாலீர்ப்பு ராணுவ வீரரைப் பார்த்து, அரங்கில் சிலர் ‘பூ’ என்று கூச்சலிட்டார்கள். கூச்சல் வந்தது வகுப்புக்குப் போகாத குடிமக்களிடமிருந்து.

நவம்பரில் ஏமாஸ், நடந்தது ஒரு விஷயமே அல்ல என்கிற அளவுக்கு இறங்கிவந்தார். டிசம்பரில் யுஎஸ்எஸ் ஓக் ஹில் என்ற போர்க்கப்பல் 80 நாள் பயணம் முடிந்து வர்ஜீனியா பீச் நகரில் கரை தொட்டது. திரும்பும் கப்பலிலிருந்து ஒருவர் முதலில் இறங்கிவந்து தன் இணைக்கு முத்தம் கொடுப்பது அமெரிக்கக் கடற்படை வழக்கம். அந்த ஒருவர் யார் என்பதைக் குலுக்கல் சீட்டு முடிவு செய்யும். சீட்டு ஒரு டாலர். மரிஸா கயெட்டா என்ற வீராங்கனை 50 டாலருக்குச் சீட்டு வாங்கி வென்றார். கரையில் காத்திருந்தது இன்னொரு கடற்படை வீராங்கனை, அவருடைய காதலி. கூட்டம் கைதட்டியது. மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்தது. கப்பலில் வேலை வழக்கம்போல நடந்தது.

தடையை நீக்கினால் படையே குலைந்துவிடும் என்று 2009-ல் ஓய்வுபெற்ற ஜெனரல்களும் அட்மிரல்களுமாக 1,167 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தடை நீங்கி ஓராண்டு கழித்துப் பாம் சென்டர் என்ற ஆய்வு மையத்தினர் தேடிப் பார்த்தபோது, தடை நீங்கியதற்காகப் பணியை விட்டதாக உறுதி செய்ய முடிந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் படைக் குருமார்.

எல்லாப் பெருமையும் வகுப்புக்குத்தான் என்று எழுதிவிட்டால் அது பொய். தனியார் நிறுவனங்களில் நடக்கும் கட்டாயப் பன்மைத்துவப் பயிற்சிகள் பெரும்பாலும் பலன் தருவதில்லை, சில வேளை எரிச்சலைத்தான் கிளப்புகின்றன என்று சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் ஆகியோர் ஆண்டுக்கணக்காகத் தரவுகளோடு எழுதிவருகிறார்கள். அலுவலகத்தில் அது உண்மையாக இருக்கலாம். அங்கே பயிற்சி முடிந்ததும் மேலாளர் பழையபடி நடந்துகொண்டால் கேட்பவர் இல்லை. பட்டாளத்தில் வகுப்பின் பின்னால் சட்டம் நிற்கிறது, தளபதி நிற்கிறார், தண்டனை நிற்கிறது. இந்த மூன்றும் இல்லாத 2000-ம் ஆண்டுத் திட்டம் காகிதத்தோடு போனதையும் பார்த்தோம்.

சட்டத்தின் ஓட்டைகளையும் வகுப்பால் அடைக்க முடியவில்லை. உங்கள் துணைவருக்குக் குடும்பப் படியும் குடியிருப்பும் கிடையாது என்று சொல்ல வேண்டியிருந்ததும் அதே திரையில்தான். 2013-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது மாறியது. வின்செல் நேசித்த கால்பெர்னியாவைப் போன்ற திருநர்களுக்கோ 2011-ன் கதவு திறக்கவே இல்லை. அதன்பின் அந்தக் கதவு ஒவ்வோர் அதிபருக்கும் ஒரு மாதிரி திறந்து மூடுகிறது. 2025 மே மாதம் டிரம்ப் அரசின் தடையை அமல்படுத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

அந்த ஆண்டு நடந்தது அது மட்டுமல்ல. ஜனவரியிலேயே படைகளின் பன்மைத்துவ அலுவலகங்களை மூட ஆணை வந்தது. தன்பாலீர்ப்பாளர் என்பதால் 1955-ல் கடற்படையை விட்டு விலக நேர்ந்து, பின்னால் சான் பிரான்சிஸ்கோவின் அரசியல் தலைவரான ஹார்வி மில்க்கின் பெயர் தாங்கிய கப்பலுக்கு ஜூனில் வேறு பெயர் வைக்கப்பட்டது. செப்டம்பர் இறுதியில் பாதுகாப்புச் செயலர் பீட் ஹெக்செத் ஜெனரல்களைக் கூட்டி, கட்டாயப் பயிற்சிகளைக் குறைப்பதாகவும் புகார் விசாரிக்கும் முறைகளை மாற்றுவதாகவும் அறிவித்தார். வகுப்பு குறைவதைவிட இரண்டாவதுதான் கவலைக்குரியது. அந்த ஆண்டு படையில் சேர்ந்த 19 வயதுப் பையனுக்கு 2011-ல் ஐந்து வயது. ஷாப்பிங் மால் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

பிரிட்டன் இன்னொரு பாதையில் வந்தது. அங்கே தடை இருந்தவரை ராணுவப் போலீஸ் அறை புகுந்து, கடிதங்களைப் பிரித்து, ஆட்களைத் துருவி விசாரித்தது. 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தடை செல்லாது என்றது. 2000 ஜனவரியில் தடை நீங்கி, யாராக இருந்தாலும் நடத்தை ஒன்றே அளவுகோல் என்ற ஒழுக்க விதி வந்தது. ஹாம், ஜான்சன் குழு ஆராய்ந்த முன்மாதிரிகளில் பிரிட்டனும் உண்டு. வெளியேற்றப்பட்ட பழைய வீரர்களிடம் நாடாளுமன்றத்தில் பிரதமர் ரிஷி சுனக் மன்னிப்புக் கேட்டது 2023 ஜூலையில்தான். இழப்பீடு தலைக்கு அதிகபட்சம் 70,000 பவுண்ட்.

இந்தியாவில் 2018 செப்டம்பரில் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின் பிடியிலிருந்து தன்பாலீர்ப்பாளர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நான்கே மாதத்தில் அப்போதைய ராணுவத் தளபதி பிபின் ராவத், ராணுவம் பழமைப் பிடிப்புள்ள அமைப்பு, இதை உள்ளே அனுமதிக்க மாட்டோம், ராணுவச் சட்டப்படியே நடவடிக்கை எடுப்போம் என்றார். ஓய்வுபெற்ற மேஜர் ஒருவரின் வாழ்க்கையைத் தழுவி இயக்குநர் ஓனிர் எழுதிய திரைக்கதைக்கு 2022-ல் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் தரவில்லை.

சீருடைக்கும் இந்த வகுப்புக்கும் தமிழ்நாட்டில் ஒரு தொடர்பு உண்டு. 2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த, காதலர்களான இரண்டு இளம் பெண்களின் வழக்கு, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தனக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று திறந்த நீதிமன்றத்தில் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுத்தான் அவர் தீர்ப்பு எழுதினார். போலீஸ், நீதித்துறை, சிறை, பள்ளி என்று எல்லா இடத்திலும் பயிற்சி நடத்தச் சொன்னது அந்தத் தீர்ப்பு. வெறும் பயிற்சியோடு விடாமல் அவர் தொடர்ந்து கண்காணித்ததில், 2022-ல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதியைச் சேர்த்தது. இந்தச் சமூகத்தினரையோ அவர்களுக்காக உழைப்பவர்களையோ துன்புறுத்தினால், இனி அது காவலரின் நடத்தை மீறல்.

ஆக இன்று குன்னூர் காவல் நிலையத்தில் ஒரு காவலர் தன்பாலீர்ப்பாளர் ஒருவரைத் துன்புறுத்தினால், நடவடிக்கை காவலர் மீது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருக்கும் ஊர். அங்கே பயிற்சி பெறும் சிப்பாய்க்கு 24-சி பொருந்தாது. அவருக்குப் பொருந்துவது 1950-ம் ஆண்டின் ராணுவச் சட்டம். அதன் 46-வது பிரிவில் ‘இயற்கைக்கு மாறான’ இழிநடத்தைக்கு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை இன்னும் எழுதப்பட்டிருக்கிறது.